மூன்றாவது ரத்தம்

போஸ்டரில் படம் மாறிப்போயிற்று. நடந்த தப்பு அவ்வளவுதான். செத்துப்போனது ரைஸ்மில் குற்றாலிங்கம். சுவரில் ஒட்டியது ஈ.பி. குற்றாலிங்கத்தின் மூஞ்சி. தென்காசியில் தெருவுக்கு ஒரு குற்றாலிங்கம் உண்டு. சந்தையில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். செத்த வீட்டு அவசரத்தில் எவனோ ப்ளெக்ஸ் கடைக்குப் போனில் சொல்லியிருக்கிறான், அப்பா படம் ஒங்க கம்ப்யூட்டர்லயே கெடக்குமே, போன வருசம் அடிச்சதுதான, என்று. கடைக்காரன் பெயரைத் தட்டினான், ஒரு மூஞ்சி வந்தது, கறுப்புக் கரை கட்டி அடித்தான். அவன் ஆட்களே இருட்டோடு இருட்டாக ஊரெல்லாம் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் படம் அங்கே போனது ஈ.பி.காரரின் மச்சினன் திருமலையால். எழுபது முடிந்ததற்கு வேண்டாம்ல வேண்டாம்ல என்று சொல்லியும் கேட்காமல் மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்கு ப்ளெக்ஸ் வைத்தான். போட்டோக்காரன் சிரிங்க சார் சிரிங்க சார் என்று உயிரை எடுத்ததால் ஒரு தடவை பல்லைக் காட்டினார். அந்தப் பல்லுதான் இப்போது சந்தை மதில் சுவரில். கண்ணீர் அஞ்சலி. கீழே, ஆழ்ந்த வருத்தத்துடன் மனைவி பகவதியம்மாள், மகன்கள், மகள், மருமக்கள், பேரன் பேத்திகள். காலையில் முருங்கைக்கீரை வாங்கப் போன ஈ.பி.காரர் பெண்டாட்டி உலகம்மாள் அதன் முன்னால் நின்றாள். நின்றவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். பூக்காரி ஒருத்தி ஆட்டோ பிடித்து இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். செத்துப்போனதாக ஒட்டப்பட்ட ஆள் இப்போது ஐ.சி.யூ. வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், பெண்டாட்டியைப் பார்க்க விடாமல் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்.

விடாதது டாக்டர் ஜெபசீலி. சின்னப் பெண். கண்ணாடிக்குப் பின்னால் தூங்காத கண். முதலில் ஹார்ட் அட்டாக் என்றுதான் நினைத்தார்களாம். ஈ.சி.ஜி. அப்படித்தான் இருந்ததாம். குழாய் விட்டுப் பார்த்தால் அடைப்பு ஒன்றும் இல்லை, ரத்தக் குழாய் கழுவி விட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் இதயத்தின் அடிப்பாகம் பானை மாதிரி உப்பிப்போய் அசையாமல் நிற்கிறது. அதிர்ச்சியில வாரது ஐயா, என்றாள். வயசான பொம்பளையளுக்கு அதிகம் வரும். ஒடம்பு பயந்து அட்ரினலின்னு ஒண்ணச் சுரக்கும், அது வெள்ளமா வந்து இதயத்த அடிச்சுப் போட்டுரும். தானே சரியாகும், கொஞ்ச நாள்ல. ஆனா இப்ப ரத்தம்தான் சரியில்ல. ரத்தத்துக்கு என்ன, என்று கேட்டார். சர்க்கரை இல்லாதவளுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறதாம். இதயம் திணறினால் கசியும் சமாசாரம் ஒன்று, அது எக்கச்சக்கமாம். அதெல்லாம் இருக்கட்டும், பொட்டாசியம் இறங்கிப்போச்சு, என்றாள். இரண்டு புள்ளி ஆறு. மூணரைக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த அட்ரினலின் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து பிடித்து ஒவ்வொரு அணுவுக்குள்ளும் தள்ளிக் கதவைச் சாத்திவிடுமாம். அது குறைந்தால் துடிப்பு தாளம் தப்பும். தப்பினால்? அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. வேகமாக ஏற்றக் கூடாது, ஏற்றினால் அதுவே ஆளைக் கொன்றுவிடும், சொட்டுச் சொட்டாகத்தான். சரி, நான் உயிரோட இருக்கேன்னு போய்ச் சொல்லுதேன், என்று எழுந்தார். அதத்தான் செய்யக் கூடாது, என்றாள். செத்துட்டீங்கன்னு நெனச்சவங்க முன்னாடி திடீர்னு போய் நின்னா சந்தோசத்துலயும் அதே அட்ரினலின்தான் சுரக்கும். ரத்தத்துக்குச் சந்தோசம் எது துக்கம் எதுன்னு தெரியாது ஐயா. பொட்டாசியம் ஏறட்டும். அப்புறம் நாங்களே மெதுவாச் சொல்லுதோம். இரண்டாவது தடவை ரத்தம் எடுத்தார்கள். இரண்டு புள்ளி ஏழு. இவ்வளவு மருந்துக்கு இது போதாது, எங்கேயோ போகுது, என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனாள். மூன்றாவது ரத்தம் இப்போதுதான் போயிருக்கிறது. சிவப்பு மூடி போட்ட குழாயில் சிஸ்டர் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தார். நாற்பத்தெட்டு வருசம் கூட இருந்தவள் ஒரு விரல் கனக் குழாய்க்குள் போகிறாள்.

வேறு எவன் சொல்லியிருந்தாலும் கதவைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார். போகாமல் உட்கார்ந்ததற்குக் காரணம் டாக்டர் இல்லை. சுடலைமுத்து. அவர் வேலை பார்த்த மின்வாரியத்தில் ஒரு சட்டம். கம்பத்தில் ஏறுமுன் சப் ஸ்டேஷனுக்குச் சொல்லி லைன் கிளியர் வாங்க வேண்டும்; கரண்டை நிறுத்திவிட்டு, நிறுத்தினேன் என்று அவன் சொல்ல வேண்டும். வேலை முடிந்தால், வாங்கினவன் எவனோ அவனே கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அண்ணன் தம்பியே ஆனாலும் அடுத்தவன் கொடுக்கக் கூடாது. பண்பொழியில் ஒரு மத்தியானம் டீக்கடையில் உட்கார்ந்திருந்த புது இன்ஜினியர், முடிஞ்சிருக்கும் என்று அவனாக நினைத்துப் போன் போட்டுவிட்டான். வாங்கினவன் சுடலைமுத்து. அவன் மேலே இருந்தான். இடுப்பு பெல்ட் கம்பத்தில் மாட்டியிருந்ததால் விழவில்லை. தொங்கினான். கீழே நின்ற குற்றாலிங்கத்துக்கு வெற்றிலை எச்சில் மாதிரி ஒன்று சட்டையில் விழுந்தது. அதிலிருந்து அவசரம் என்று எவன் வந்தாலும் வாய்க்கு வந்தபடி ஏசுவார். மற்ற எல்லாவற்றிலும் அவருக்கு அவசரம்தான். சோறு, பஸ், கல்யாண வீட்டுப் பந்தி, எதற்கும் காத்திருக்கத் தெரியாது. கிளியர் வராமல் கைவைப்பது மட்டும் கிடையாது. ஆக உட்கார்ந்தார். ஆனாலும் ஒன்று உறுத்தியது. மருந்து ஏறுகிறது, பொட்டாசியம் ஏறவில்லை. மெயினை நிறுத்தின பிறகும் கம்பியில் கரண்டு இருக்கிற மாதிரி. அப்படி இருந்தால் அர்த்தம் ஒன்றுதான். எவனோ வீட்டில் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறான், அது பின்வழியாக லைனுக்கு ஏறுகிறது. ரிட்டன் சப்ளை. ஆளைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். தேட வேண்டும், வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும், எவன்டா போட்டது என்று. உலகம்மாளுக்குள் எந்த வீட்டில் ஓடுகிறது?

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தபடி, ஒங்க வீட்ல யாரு உள்ள, என்று கேட்டாள். சம்சாரம். என்ன செய்யுதாம்? நான் செத்துட்டேன்னு நெனச்சு நெஞ்சுவலி. அவள் முறுக்கைக் கடிக்காமல் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். போன் அடித்தது. மேலகரத்திலிருந்து எவனோ கூட வேலை பார்த்தவன். ஹலோ, இது குற்றாலிங்கம் அண்ணாச்சி வீடா, யாரு பேசுதது, என்று குரலை இறக்கிக் கேட்டான். குற்றாலிங்கம்தான் பேசுதேன். அண்ணாச்சி, போஸ்டர் பாத்தேன், என்றான் அவன். பாத்தேல்லா, சாயங்காலம் எடுக்காவ, மாலையோட வா, என்று போனை வைத்தார். காலுக்கடியில் அந்தப் போஸ்டர் கிடந்தது, சுருட்டி. திருமலை கிழித்துக்கொண்டு வந்து போட்டது. போட்டுவிட்டு, செத்த வீட்டுக்கே போயி நாலு வார்த்தை கேட்டுட்டுதான் அத்தான் வருவேன், என் அக்காவுக்கு ஏதும் ஆச்சு, என்று துள்ளினான். செத்த வீட்ல போயிச் சண்டை போடாதல, என்றார். கேட்டானா? அந்தக் குடும்பத்தில் எவன் கேட்டான்? அவளும்தான், கீரைக்குப் போகாதட்டி, மழை வார மாதிரி இருக்கு என்றார், போனாள். காப்பியைக் கொடுத்துவிட்டு, தம்ளரக் கழுவி வையுங்க, ஈ மொய்க்கும், என்று சொல்லிவிட்டுப் போனாள். கழுவவில்லை. இன்னும் முற்றத்தில்தான் கிடக்கும். ஈ மொய்த்திருக்கும். அந்த ஈயை நினைத்ததும் செருமினார். அவருடைய செருமல் தெருமுனையில் கேட்டாலே அடுப்பில் பாலை வைக்கிறவள். இப்போது அந்தக் கதவுக்குள் கேட்டிருக்குமோ? கேட்டால் சுரந்துவிடுமோ? வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். சொந்தச் செருமலுக்குப் பயந்து உட்காருகிற அளவுக்கு வந்துவிட்டது.

சிஸ்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். தாத்தா, ஒரு விசயம். பொட்டாசியம் இன்னும் ஏறலதான், துக்கத்துலதான் ஏறாம நிக்குதோன்னு டாக்டரம்மா மெதுவா அம்மாகிட்ட சொல்லிட்டாங்க, நீங்க நல்லாருக்கீங்க, போஸ்டர்ல தப்பா வந்துருச்சுன்னு. அவர் எழுந்தேவிட்டார். சிஸ்டர் உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள், அம்மா தெரியும்னு சொன்னாங்க. என்ன தெரியும்? நீங்க உயிரோட இருக்கீங்கன்னு தெரியும்னாங்க. காலையில காப்பி குடுத்துட்டுதான வந்தேன், கண்ணவிஞ்சா போச்சு எனக்குன்னு டாக்டரையே ஏசுனாங்க. அப்புறம், என்றாள் சிஸ்டர், ஏன் இழுக்கிறாள் இவள், சொல்லித் தொலைய வேண்டியதுதானே, அப்புறம் அந்த மனுசன் உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிட்டு சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாங்க. துடிப்பு கூடிருச்சு. கொஞ்சம் பொறுங்க. கதவைச் சாத்தினாள். அவர் நின்றார். தெரியும் என்றால்? ஆமாம், தெரியாமல் எப்படிப் போகும், முற்றத்தில் சட்டையில்லாமல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் சந்தைக்குப் போவதற்குள் எப்படிச் சாவான், செத்து, குளிப்பாட்டி, போட்டோ பிடித்து, அச்சடித்து, ஒட்டி. இவ்வளவு நேரம் அது தனக்கே தோன்றவில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை, திருமலைக்கும் தோன்றவில்லை. புருசன் செத்துவிட்டான் என்றால் பெண்டாட்டி நெஞ்சு வெடித்துவிடும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டாயிற்று. அவருக்கும் அதில் உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்ததோ? இருந்தது. சீ என்று வந்தது. அப்படியானால் எதைப் பார்த்து உட்கார்ந்தாள்? படத்தைப் பார்த்தா? படத்துக்கு என்ன, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற கிழவன். படத்தைப் பார்த்தவள் கண் அடுத்து எங்கே போகும்? கீழே. மனைவி பகவதியம்மாள். மகன்கள். மகள். பேரன் பேத்திகள்.

ஐயோ, என்றார். சத்தமாகவே சொல்லிவிட்டார் போலிருக்கிறது, முறுக்கு அம்மாள் திரும்பினாள். உலகம்மாளுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சு நின்றே எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இலஞ்சி கோயில், குற்றாலத்து வைத்தியர், பாளையங்கோட்டை லேடி டாக்டர், எல்லாம் போய், பிறகு போவதும் நின்று, இருவரும் பேசாமலே அதைப் பரண் மேல் தூக்கிப் போட்டாயிற்று. ஆனால் போடுவதற்கு முன்னால் அவருடைய அம்மை ஒரு காரியம் செய்தாள். பாபநாசத்தில் அணைக்கட்டு கேம்பில் இவர் கிடந்த வருசங்கள், வாரம் ஒரு நாள்தான் வீடு. அப்போது கடையத்தில் பெண் பார்த்துவிட்டு வந்து மருமகள் காதில் விழும்படியே சொன்னாள், இன்னொண்ணு கட்டுனா என்ன கொறஞ்சா போச்சு. இவர் வாயே திறக்கவில்லை. கட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும், கட்டவில்லை, அதுதானே பதில், என்று இருந்துவிட்டார். அந்த வாரமோ அடுத்த வாரமோ அரிசி களைந்துகொண்டே அவள் கேட்டாள், முகத்தைப் பார்க்காமல், மலையில யாரும் இருக்காவளா? பசி. மலையிலிருந்து நின்றுகொண்டே வந்த பஸ். ஆமா, ஒருத்தியும் ரெண்டு பிள்ளையும் இருக்காவ, சோத்தப் போடு, என்றார். அவள் சிரித்தாள். சிரித்தாள்தானே? களைந்த தண்ணீரைக் கொட்டினாள், அந்தச் சத்தத்தைத்தான் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டாரோ? இத்தனை வருசம் கழித்து அந்த ஒருத்தி பெயரோடு வந்துவிட்டாள். பிள்ளைகளோடு. பேரன் பேத்தியோடு. தன் மூஞ்சிக்குக் கீழே, கறுப்புக் கரை கட்டி, ஊருக்கே தெரிய. ஜெனரேட்டர் ஓடுகிற வீடு அதுதான். கண்டுபிடித்தாயிற்று. நிறுத்துவது எப்படி? உள்ளே போய்ச் சத்தியம் பண்ணலாம். வச்சிருக்கிறவன் பண்ணுவதும் அதே சத்தியம்தானே. அப்படியெல்லாம் இல்லட்டி என்று எவன்தான் சொல்ல மாட்டான். டாக்டர், படம் மாறிப்போச்சும்மா என்றால், இவரு சொல்லிக் குடுத்திருப்பாரு என்பாள். திருமலை சொன்னால், ஆம்பளையும் ஆம்பளையும் ஒண்ணு. கிளியரை வாங்கினவன்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தச் சுவரில் எவள் பெயர் இருக்கிறதோ அவள் வந்து இல்லை என்று சொல்ல வேண்டும். அவளோ நேற்றுத் தாலியைத் தோற்றவள். பதினாறு கழியாமல் வாசல்படி தாண்டக் கூடாதவள். அவளிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது? இந்த முகத்தோடா? இந்த முகத்தைத்தான் அவள் புருசன் இடத்தில் ஒட்டியிருக்கிறான்.

டாக்டர் ஜெபசீலி வந்தாள். நடையிலேயே தெரிந்தது. மூணாவது ரத்தம் வந்துட்டு, ரெண்டு புள்ளி நாலு, என்றாள். ஏறல, எறங்குது. இத்தனை மருந்துக்கும். மக்னீசியமும் குடுத்துப் பாத்துட்டேன். இடையில இடையில துடிப்பு தப்புது, பெரிசாத் தப்புனா ஷாக் குடுக்க எல்லாம் தயாரா வச்சிருக்கோம், இருந்தாலும் திருநெல்வேலிக்கு அனுப்பிரலாம்னு பாக்கேன், ஆனா ஆம்புலன்ஸ் ஆட்டத்துல... அவருக்கு எல்லாம் சொல்லத் தோன்றியது. அம்மை, கடையம், அரிசி களைந்த தண்ணீர். அம்மாடி, என்று ஆரம்பித்தார். வாயில் வந்தது இவ்வளவுதான்: அவ என்னய சந்தேகப்படுதா. போஸ்டர்ல வேற பொம்பள பேரு. அந்தப் பெண் ஒரு கணம் பார்த்தாள். அவள் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ ஒன்று சட்டென்று இடம் மாறி உட்கார்ந்தது. ஓ, என்றாள். அப்ப நீங்க உள்ள போனா இன்னும் கூடும். கூடும், என்றார். இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வட்டக் கண்ணாடிக்குள் கட்டிலின் கால்மாடு மட்டும் தெரிந்தது. வெள்ளைத் துணிக்கு வெளியே அவளுடைய இடது கால். பெருவிரல் நகம் அம்மி விழுந்து கறுத்தது, அப்படியே இருக்கிறது. மருந்து ஏறுகிற கை எரியும் என்றாள் சிஸ்டர். எரிந்தால் சொல்ல மாட்டாள். அவள் எதைச் சொன்னாள். அவர் எதைக் கேட்டார். திருநெல்வேலிக்கு எப்படியும் ஒரு மணி நேரம், ஆலங்குளம் தாண்டி ரோடு தோண்டிப் போட்டிருக்கிறான்கள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தப் பானை குலுங்கும். கம்பத்தில் சுடலைமுத்து குலுங்கின மாதிரி. சட்டையில் அந்தச் சிவப்பு. துண்டால் சட்டையைத் துடைத்தார். ஒன்றுமில்லாத சட்டையை.

படிக்கட்டில் திருமலையின் குரல். அத்தான், என்றான் மேல்மூச்சு வாங்க. அவனுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை. அறுபத்தைந்து இருக்கும். தலை முடிந்திருக்கவில்லை, நேற்றுத் தலையில் விட்ட தண்ணீரே காயாத மாதிரி. கசங்கின சேலை. மாராப்புக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள். நான் சண்டை போடத்தான் அத்தான் போனேன், என்றான் திருமலை, ஆம்பளையெல்லாம் எலும்பு பொறுக்கிக் காடாத்தச் சுடுகாட்டுக்குப் போயிருந்தாவ, இவிய கூடத்துல உக்காந்திருந்தாவ, விசயத்தச் சொன்னேன், எந்திரிச்சு வந்துட்டாவ, நான் கூப்புடல அத்தான், சத்தியமா நான் கூப்புடல. அவள் இவர் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நீங்கதானா அண்ணாச்சி அது, என்றாள். காவல்காரன் குறுக்கே வந்தான். இப்ப யாரும் போகக் கூடாது, நேரம் இல்ல. நேத்து தாலி அறுத்தவ நான், தீட்டோட வந்திருக்கேன், தொட்டுத் தடுக்கியா, என்று கேட்டாள். அவன் கை தானாகக் கீழே இறங்கியது. டாக்டர் இவரைப் பார்த்தாள். போஸ்டர்ல பேரு இருக்க அம்மா, என்றார். ஜெபசீலி யோசித்தது ஒரு மூச்சு. பிறகு சிஸ்டரிடம், மானிட்டர விட்டுக் கண்ண எடுக்காத, என்று சொல்லிவிட்டுக் கதவைத் தானே திறந்து பிடித்தாள்.

கதவு முழுக்கச் சாத்தவில்லை. டாக்டர் தோளுக்கு மேலே அவருக்குத் தெரிந்தது. அந்தப் பெண்பிள்ளை மாராப்பை விலக்கி ஒரு போட்டோவை எடுத்தாள். கண்ணாடிச் சட்டம் போட்டது. சம்பங்கி மாலை இன்னும் சுற்றியிருந்தது. விளக்கு முன்னால் வைத்திருந்த படத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், செத்த வீட்டில் விளக்கு இப்போது எதைப் பார்த்து எரிகிறதோ. சுவரைப் பார்த்துக் கிடந்த உலகம்மாளின் முன்னால் போய் அதைப் பிடித்தாள். யக்கா, இங்க பாரு. இவருதான் எங்க வீட்டு ஆளு. பாத்துக்க நல்லா. டாக்டரின் விரல்கள் கதவுப் பிடியில் வெளுத்திருந்தன. உள்ளே பெட்டி டிக் டிக்கென்று அடிக்கிறது, தப்புகிறது, அடிக்கிறது. இந்த மீசையப் பாத்தியா, என்றாள் அந்தப் பெண்பிள்ளை, ஒங்காளுக்கு இருக்கா இப்பிடி? வெளிய நிக்காரு, கரிச்சான் குருவி மாதிரி. அதைக் கொண்டுபோயா எங்க வீட்டு ஆளுன்னு ஒட்டிருக்கான் பாவி. உலகம்மாளின் குரல் வந்தது. அரைக் குரல். ஒனக்கு எத்தன பிள்ள? மூணு. என்ன செய்யுதுவ? சொத்தப் பாக்கல, என்னயப் பாக்கல, அப்பன் மூஞ்சிய ஒழுங்காப் பாத்து ஒட்டக்கூட ஒருத்தனுக்கும் நேரமில்ல. நீ குடுத்துவச்சவ யக்கா. அதைச் சொன்னதும் அந்தக் குரல் உடைந்தது. கட்டிலில் தலையை வைத்துவிட்டாள். இவ்வளவு நேரம் அழாமல் வந்தவள் அங்கே அழுதாள், புருசன் படத்தை நடுவில் வைத்துக்கொண்டு. மருந்து ஏறாத கை துணியிலிருந்து வெளியே வந்தது. உலகம்மாளின் கை. அந்த அவிழ்ந்த தலைமேல் போய் விழுந்தது, விழுந்து தடவியது. தடவிக்கொண்டே, மெலிந்த குரலில், எப்போதும் போல ஒரு எரிச்சலோடு கேட்டாள், அந்த மனுசன் காலையில இருந்து ஏதும் தின்னாரான்னு யாராவது கேட்டியளா? டாக்டர் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் செருமினார். கொஞ்சம் பலமாகவே.

அடுத்த ரத்தம் மூணு புள்ளி ஒண்ணு. அதற்கடுத்தது மூணு புள்ளி ஏழு. இனி பயமில்ல, பானை சுருங்கக் கொஞ்ச நாளாகும், என்றாள் ஜெபசீலி. முதல் தடவையாக உட்கார்ந்து சொன்னாள். அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்ற அவரும் கூட வந்தார். சுருட்டிக் கிடந்த போஸ்டரை எடுத்துத் தன் மூஞ்சியைக் கிழித்தார், கீழே இருந்த பெயர்கள் கிழிபடாமல் பார்த்துக் கிழித்தார், மிச்சத்தை நீட்டினார். அவள் வாங்கிப் படத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். வாரேன் என்று சொல்லவில்லை. செத்த வீட்டுக்காரி சொல்லக் கூடாது. டீக்கடையில் திருமலை வடையைப் பிய்த்தபடி, சொட்டு மருந்து சொட்டு மருந்துன்னாலும் கடைசில அக்காவ அந்தப் பொட்டாசியம்தான காப்பாத்திட்டு, என்ன அத்தான், என்றான்.

மண்ணாங்கட்டி, என்றார். டீயைக் குடித்து முடித்தார். தம்ளரைக் குழாயடியில் தானே கழுவி வைத்தார்.

காப்பாத்துனது பகவதி, என்றார்.